உங்களுக்குத் தெரியுமா? போல்ட் தலையில் இருக்கிறது சங்கதி

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். அதையும் தாண்டி சேர்வராயன் மலையின் காபித் தோட்டத்துக் கல்பாதையில் ஓடும் ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டினால், ஸ்டியரிங் ஆர்மை நக்கிளோடு (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகம்) பிடித்திருக்கும் சில போல்ட்டுகள்மேல்தான் பாரம் கூடும்.

அந்த போல்ட்டின் தலையைத் துடைத்துப் பாருங்கள். 8.8 என்றால் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். அதில் 80 சதவீதம் வரை இழுத்தாலும் பழைய நீளத்துக்கே திரும்பும். 10.9 என்றால் 1,000, 90 சதவீதம். அங்குல அளவு போல்ட்டில் ஆறு கோடுகள் இருந்தால் கிட்டத்தட்ட 10.9க்குச் சமம். தலை மொட்டையா? ஸ்டியரிங் பக்கமே வேண்டாம். சேலம், ஸ்டெயின்லெஸ் தயாரிக்கும் உருக்காலை உள்ள ஊராயிற்றே என்று அந்த போல்ட்டைப் போடவும் ஆசை வரும். கடையில் கிடைக்கும் ஏ2-70 ரகம் 700தான் தாங்கும், பளபளப்பு மட்டும் மிச்சம்.

இன்னொன்று: பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் உராய்வு. இறுக்கத்தில் ஆர்ம், நக்கிள் இரண்டின் இரும்பு முகங்களும் கவ்விக்கொள்கின்றன. இறுக்கம் தளர்ந்தால் ஒவ்வொரு குலுக்கலிலும் போல்ட் வளைந்து நிமிர்ந்து, எந்த ரகமானாலும் ஒருநாள் முறியும். அதனால் முகங்களில் பெயின்ட்டும் துருவும் இருக்கக் கூடாது. டார்க் ரென்ச்சால் முடுக்கி, சிறிது ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும்.