கழுவும் முன் பாருங்கள்: வீட்டுக் கராஜில் ஒரு டிரக் இன்ஜின்

வண்டி நீலப் புகை கக்குகிறது, ஆயில் குடிக்கிறது, மேட்டில் ஏறும்போது இழுவை இல்லை. அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களில் பலர் இந்த நிலையில் மெக்கானிக்கைத் தேடிப் போவதில்லை. வீட்டுக் கராஜிலேயே இன்ஜினை எடுத்துப் பிரித்துவிடுகிறார்கள். அதற்கு வாகான இன்ஜின் என்று பெயர் வாங்கியது ஷெவ்ரலேயின் 350 கன அங்குல வி8. 1955-ல் 265 கன அங்குலத்தில் வந்த ‘ஸ்மால் பிளாக்’ குடும்பம் அது. 1967-ல் கமாரோ காருக்காக 350 ஆனது, பிறகு பிக்கப்களிலும் பல ஆண்டுகள் ஓடியது. உதிரி பாகம் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். பானெட்டைத் திறந்தால் கை நுழைய இடமும் இருக்கும்.

1970-களின் கடைசியில் வந்த, கார்புரேட்டர் பொருத்திய சி-10 பிக்கப் ஒன்றை வைத்து இந்த வேலையைப் பார்ப்போம். போல்ட்டைக் கழற்றுவது இதில் சுலபமான பாதி. எது கெட்டது, ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பது மறுபாதி. அதற்கான தடயம் அழுக்கிலும் கரியிலும் ஆயில் பிசுக்கிலும்தான் இருக்கும். பிரித்ததும் எல்லாவற்றையும் கழுவி அடுக்கினால் பாகங்கள் பளபளக்கும், தடயம் போய்விடும்.

ஸ்பேனர் எடுப்பதற்கு முன்

இன்ஜின் ஓடுகிற நிலையில் இருக்கும்போதே கம்ப்ரஷன் பார்த்துவிட வேண்டும். எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கேஜை மாட்டி, இன்ஜினைச் சுழற்றி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த அளவு, மிக அதிகமானதில் 70 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எந்த சிலிண்டரும் 100 பிஎஸ்ஐ-க்குக் கீழே இருக்கக் கூடாது.

அளவு குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கோளாறு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் குறைந்திருந்தால், இரண்டுக்கும் நடுவில் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். இந்த இன்ஜினில் ஹெட்டின் நடுவில் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் சூடு அங்கேதான் சேரும்.

வெளியே எடுப்பது

முதலில் பேட்டரி இணைப்பு. அடுத்து கூலன்ட்டையும் ஆயிலையும் வடிக்க வேண்டும். கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாயோ குழந்தையோ வாய் வைக்காதபடி உடனே மூடி போட்ட கேனில் ஊற்றிவிடுங்கள். ஏசி இருந்தால் அதன் குழாய்களைக் கழற்றாதீர்கள். கம்ப்ரஸரை மட்டும் போல்ட் எடுத்து, குழாயோடு ஓரமாகத் தூக்கிக் கட்டலாம். ஏசி வாயுவைக் காற்றில் விடுவதற்கு அமெரிக்காவில் 1992 முதல் சட்டத் தடை இருக்கிறது.

பானெட்டைக் கழற்றும் முன் கீலைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் திரும்பப் பொருத்தும்போது மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. ரேடியேட்டர், ஃபேன், எக்ஸாஸ்ட் குழாய், பெட்ரோல் லைன், ஒயர்கள் என்று ஒவ்வொன்றாக விடுவியுங்கள். ஒவ்வொரு ஒயரிலும் குழாயிலும் சீட்டு ஒட்டுங்கள், போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்களைத் தனித்தனிப் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதிவையுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் டார்க் கன்வெர்ட்டரைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட்களைக் கீழிருந்து கழற்றி, கன்வெர்ட்டரைக் கியர்பாக்ஸ் பக்கம் தள்ளிவிட வேண்டும். அது இன்ஜினோடு சேர்ந்து வெளியே வந்தால் உள்ளே இருக்கும் ஆயில் பம்ப் சேதமாகும். பெல் ஹவுசிங்கின் ஆறு போல்ட்களை எடுக்கும் முன் கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துவிடுங்கள்.

மேலே மாட்டிய சாமான்களோடு இந்த இன்ஜின் சுமார் 260 கிலோ. வாடகைக்குக் கிடைக்கும் மடக்கு கிரேன் போதும், ஆனால் ‘2 டன்’ என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாறக் கூடாது. கையை முழுதாக நீட்டினால் அது தாங்குவது அரை டன்னாகக் குறைந்துவிடும். இன்ஜின் தொங்கும்போது அடியில் கையோ காலோ போகக் கூடாது. வெளியே வந்ததும் கிரேனைத் தாழ்த்தி, தரைக்குப் பக்கமாகவே உருட்டிச் செல்ல வேண்டும்.

பிரிக்கும் வரிசை

இன்ஜினைச் சுழல் ஸ்டாண்டில் மாட்டியபின் மேலிருந்து கீழாக வேலை போகும்: இன்டேக் மேனிஃபோல்டு, ராக்கர், புஷ் ராடு, டேப்பட், ஹெட், முன்பக்கச் செயின், ஆயில் சம்ப், பிஸ்டன், கடைசியில் கிராங்க்.

டேப்பட்களில் கவனம் வேண்டும். இந்த வயது இன்ஜினில் அவை உருளை இல்லாத தட்டை டேப்பட்கள். ஒவ்வொன்றும் தனக்கு நேரான கேம் மேட்டோடு சேர்ந்தே தேய்ந்து பழகியிருக்கும். திரும்பப் போடுவதாக இருந்தால் அதே இடத்தில்தான் போட வேண்டும். முட்டை அட்டையில் எண் எழுதி வரிசையாக நிறுத்திவைப்பது கராஜ்காரர்கள் வழக்கம். நல்ல டேப்பட்டின் அடிமுகம் மிக லேசாகப் புடைத்திருக்கும். ஸ்கேல் விளிம்பை வைத்துப் பார்த்து நடுவில் குழி தெரிந்தால் டேப்பட்டும் போச்சு, கேமும் போச்சு.

ஹெட் ஒன்றுக்கு 17 போல்ட்கள். அவை தண்ணீர்ப் பாதைக்குள் இறங்குவதால், திரும்பப் பூட்டும்போது மரைக்கு சீலன்ட் போடாவிட்டால் கூலன்ட் கசியும். ஹெட்டைத் தூக்கியதும் பிஸ்டன் தலைகளைப் பாருங்கள். எல்லாவற்றிலும் கரி படிந்திருக்க, ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருந்தால் அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் நுழைந்து ஆவியாகியிருக்கிறது. ஈரமான கறுப்புப் பிசுக்கு என்றால் ஆயில் மேலே ஏறுகிறது.

கிராங்க்கின் முன்னால் இருக்கும் பேலன்ஸரைப் புல்லரை நடுத் துளைகளில் மாட்டித்தான் எடுக்க வேண்டும். வெளி வளையத்தைப் பிடித்து இழுத்தால் நடுவில் இருக்கும் ரப்பர் கிழியும்.

பிஸ்டனை மேலே தட்டி எடுப்பதற்கு முன் சிலிண்டரின் மேல்விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். ரிங் எட்டாத இடத்தில் ஒரு மேடு தட்டுப்படும். அதை ரிட்ஜ் ரீமரால் சீவாமல் பிஸ்டனைத் தட்டினால் ரிங் இருக்கும் பள்ளம் உடையும். கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் பிரியாத ஜோடி. இரண்டிலும் ஒரே பக்கத்தில் சிலிண்டர் எண்ணைப் பஞ்ச் கருவியால் குத்துங்கள், ஏனென்றால் மார்க்கர் மை ஆயிலில் அழிந்துவிடும். ராடு போல்ட்களில் சின்ன ரப்பர் குழாய் மாட்டிவிட்டால், வெளியே வரும்போது கிராங்க்கில் கீறல் விழாது.

பேரிங்கில் தெரிவது

கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் பேரிங் ஷெல். கழற்றியதும் துடைக்காமல், எந்த இடம், மேல் பாதியா கீழ் பாதியா என்று பின்பக்கத்தில் எழுதி, வரிசையாகப் பரப்பிவையுங்கள். ராடு பேரிங்கில் வெடிப்பின் அழுத்தம் மேல் ஷெல்லில் விழும், மெயின் பேரிங்கில் கீழ் ஷெல்லில் விழும். தேய்மானத்தை அங்கே தேட வேண்டும்.

இந்தப் பேரிங்குகள் அடுக்கடுக்கானவை. எஃகு முதுகு, அதன்மேல் செம்பு கலந்த அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே மென்மையான சாம்பல் நிறப் பூச்சு. ஒரே சீராக மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தால் நலம். செம்பு பளிச்சென்று தெரிந்தால் மேல் பூச்சு முழுக்கப் போய்விட்டது. சுற்றுவாட்டில் கோடு கோடாகக் கீறல் இருந்தால் ஆயிலில் மண்ணோ உலோகத் தூளோ கலந்திருக்கிறது. கறுத்து உருகி இழுத்துக்கொண்டு வந்திருந்தால் அங்கே ஆயில் போகவில்லை. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கலாம். ஒரே ஒரு பேரிங் மட்டும் கறுத்திருந்தால் புதுப் பேரிங் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அதற்கு ஆயில் போகும் துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆயில் சம்ப்பின் அடியில் தங்கிய கசடையும் கிளறுங்கள். இந்த இன்ஜின்களில் சிலவற்றில் கேம் பல்சக்கரத்துக்கு நைலான் பற்கள் இருந்தன. அவை உடைந்து சம்ப்பில் விழும், ஆயில் உறிஞ்சும் வலையையும் அடைக்கும்.

வீட்டில் முடியாதது

பார்ப்பதெல்லாம் முடிந்த பிறகுதான் கழுவுவது, அளப்பது. சிலிண்டரின் புது அளவு 101.6 மி.மீ. மேடு இருந்த இடத்துக்குச் சற்றுக் கீழேயும், அடியிலும், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் போர் கேஜால் அளக்க வேண்டும். தேய்மானம் மேல்பக்கத்தில்தான் அதிகம் இருக்கும். மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் ஆயிரத்தில் 5 பங்கு அங்குலத்தைத் தாண்டினால் பொதுவாக ரீபோர்தான் வழி. ஆயிரத்தில் 30 பங்கு அங்குலம் கூட்டிப் போர் செய்தால் 350 இன்ஜின் 355 கன அங்குலமாகும்.

ரீபோர், கிராங்க் கிரைண்டிங், ஹெட் சமதளம் பிடிப்பது, விரிசல் சோதனை ஆகியவை பட்டறை வேலை. பிளாக்கில் விரிசல் இருந்தால் மற்ற செலவெல்லாம் வீண் என்பதால் அந்தச் சோதனையை முதலில் செய்யச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரர் இறுதி அளவைச் சொல்லும்வரை பிஸ்டன், ரிங், பேரிங் எதையும் வாங்க வேண்டாம். கிராங்க்கை எவ்வளவு தேய்க்கிறார்களோ அதற்கேற்ற பேரிங், சிலிண்டரை எவ்வளவு போர் செய்கிறார்களோ அதற்கேற்ற பிஸ்டன் என்று வாங்க வேண்டும். பழைய ஷெல்களையும் பட்டறைக்கு எடுத்துப் போங்கள், துடைக்காமல்.