வேலை இல்லாத நாளுக்கும் கூலி உண்டு

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் காலை ரயிலில் உட்கார இடம் பிடிப்பதே பெரும்பாடு. சாம்பியன், கோரமண்டல், உரிகம் என்று நிலையத்துக்கு நிலையம் கூட்டம் ஏறிக்கொண்டே இருக்கும். 2001 மார்ச் 1 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்க வயலின் (கே.ஜி.எஃப்.) பிழைப்பு பெரும்பாலும் இந்தத் தண்டவாளத்தின் மேல்தான் ஓடுகிறது. தாத்தா பாறைக்குள் இறங்கியவர், பேரன் எங்கோ ஒரு தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில் நிற்பவன். அவனிடம் ஒருநாள் சூப்பர்வைசர் சொல்கிறார்: “ஆர்டர் இல்லப்பா, பத்து நாள் வர வேணாம். அப்புறம் கூப்பிடறோம்.” அந்தப் பத்து நாளுக்கு அவனுக்கு என்ன கிடைக்கும் என்று அவனுக்கும் தெரிவதில்லை, பல நேரம் சூப்பர்வைசருக்கும் தெரிவதில்லை.

சட்டம் இதை லே-ஆஃப் என்கிறது. மின்சாரம் இல்லை, மூலப்பொருள் வரவில்லை, சரக்கு தேங்கிவிட்டது, இயந்திரம் பழுதாகிவிட்டது, வெள்ளம் வந்துவிட்டது என்பன போன்ற காரணங்களால் முதலாளி வேலை கொடுக்க முடியாமல் போவது. தகராறின்போது நிர்வாகம் கதவைச் சாத்தினால் அது கதவடைப்பு. ஆளையே கணக்கு முடித்து அனுப்பினால் ஆட்குறைப்பு. தொழிலையே இழுத்து மூடினால் ஆலை மூடல். நான்குக்கும் சட்டம் வேறு, பணம் வேறு. லே-ஆஃபில் வேலை உறவு அறுவதில்லை. பெயர் மஸ்டர் ரோலில் இருந்தே ஆக வேண்டும், அந்தப் பதிவேட்டை லே-ஆஃப் நாட்களிலும் நிர்வாகம் பராமரித்தே ஆக வேண்டும். மற்ற எல்லா உரிமையும் இந்தப் பதிவேட்டிலிருந்துதான் பிறக்கிறது.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் முதலில் லே-ஆஃப் இழப்பீடு கிடையாது. 1953 அக்டோபரில், துணி ஆலைகளில் சரக்குத் தேங்கித் தொழிலாளர்கள் வேலையின்றி நிற்கும் நிலை வந்தபோதுதான் இது சட்டத்துக்குள் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. லே-ஆஃப் இழப்பீட்டின் எலும்புக்கூடு அதில் பெரிதாக மாறவில்லை.

இந்த இழப்பீடு கிடைக்க, வேலை செய்யும் இடம் 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலை, சுரங்கம் அல்லது தோட்டமாக இருக்க வேண்டும். பருவகாலத் தொழிலாக இருக்கக் கூடாது. தொழிலாளி ஓராண்டு தொடர்ந்து பணியில் இருந்திருக்க வேண்டும். ஓராண்டு என்றால் 365 நாளும் அல்ல, 240 நாள் வேலை செய்திருந்தால் போதும். நிலத்துக்கு அடியில் வேலை செய்யும் சுரங்கத் தொழிலாளிக்கு 190 நாளே போதும். இந்த 190 என்ற எண்ணைக் கோலார்க்காரர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் கீழே போனது. அந்த ஆழத்தின் வெக்கையிலும் பாறை வெடிப்பின் பயத்திலும் கழிகிற ஒரு நாளை மேலே நிழலில் கழிகிற நாளோடு சேர்த்து எண்ணுவது நியாயமில்லை என்பதைச் சட்டம் ஓரிடத்திலாவது ஒப்புக்கொண்டிருக்கிறது.

இனி பணம். “பாதிச் சம்பளம்” என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதில் பாதி என்பதில்தான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி, அவ்வளவுதான். வீட்டு வாடகைப்படி, பயணப்படி, வருகை ஊக்கத்தொகை எதுவும் கணக்கில் வராது. மாதிரிக்கு ஒரு சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். அடிப்படையும் பஞ்சப்படியும் 14,000 ரூபாய், மற்ற படிகள் 8,000, ஆக மொத்தம் 22,000. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்து, அதில் 10 நாள் லே-ஆஃப் என்றால் தொழிலாளி இழப்பது சுமார் 8,460 ரூபாய், பெறுவது சுமார் 2,690. மாதம் முழுக்க லே-ஆஃப் என்றால் 22,000 வர வேண்டிய இடத்தில் 7,000. பாதி என்று பெயர், கைக்கு வருவதோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாகவும் படிகளைப் பெரிதாகவும் போடுகிற நிறுவனத்தில் இந்த அடி இன்னும் பலமாக விழும். வேலையில் சேரும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற பிள்ளைகளுக்கு இதை யாராவது முதல் நாளே சொல்லித் தர வேண்டும்.

வாசலில் ஆஜராவது பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். லே-ஆஃப் என்றால் வீட்டில் இருந்துகொண்டே பணம் வாங்கலாம் என்று நினைப்பது தப்பு. வேலை நேரத்தில், குறித்த நேரத்துக்கு, நாளுக்கு ஒரு முறையாவது ஆஜராகாதவருக்கு அந்த நாளுக்கான இழப்பீட்டை மறுக்கலாம். ஷிஃப்ட் தொடங்கும்போது வந்தவருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்கவில்லை என்றால் அந்த நாள் லே-ஆஃப். “மத்தியானம் வா” என்று சொல்லி, வந்ததும் வேலை கொடுத்தால் அரை நாள் மட்டும் லே-ஆஃப். மத்தியானம் வரச் சொல்லிவிட்டு அப்போதும் வேலை கொடுக்கவில்லை என்றால், அந்தப் பிற்பாதிக்கு முழு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் கொடுத்தாக வேண்டும். ஆளை அலைக்கழிப்பதற்குச் சட்டம் போட்டிருக்கும் விலை இது. ஆனாலும் ரயிலேறி, பஸ் மாறி வந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுத் திரும்பும் கே.ஜி.எஃப். தொழிலாளிக்குப் பாதிக்கூலியில் ஒரு பங்கு வழியிலேயே கரைந்துவிடும். தினசரி ஆஜரை வாரம் ஒருமுறை என்று தளர்த்திக்கொள்ள நிர்வாகமும் சங்கமும் ஒப்பந்தம் போடலாம். லே-ஆஃப் பேச்சு எழுந்தவுடன் சங்கம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

அதே நிறுவனத்தில், அல்லது அதே முதலாளிக்கு அதே ஊரிலோ எட்டு கிலோமீட்டர் சுற்றளவிலோ இருக்கும் வேறு நிறுவனத்தில், புதிய திறமை எதுவும் தேவைப்படாத வேலையைப் பழைய சம்பளத்துக்கே கொடுக்கும்போது மறுத்தால் இழப்பீடு போய்விடும். இழப்பீடு பன்னிரண்டு மாதத்தில் 45 நாள் வரை கட்டாயம். அதற்கு மேலும் லே-ஆஃப் நீண்டால் கொடுக்க வேண்டாம் என்று தொழிலாளியோடு ஒப்பந்தம் இருந்தாலொழிய, கொடுத்தாக வேண்டும். எனவே புரியாத தாளில் கையெழுத்துப் போடும் முன் இந்த 45ஐ நினைவில் வையுங்கள். 45 நாளுக்குப் பிறகு முதலாளி ஆட்குறைப்பு செய்தால், கொடுத்த லே-ஆஃப் தொகையை ஆட்குறைப்பு இழப்பீட்டில் கழித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. பெரிய நிறுவனத்தில் இந்தக் கழிவு செல்லாது, லே-ஆஃபுக்கே அரசின் முன்அனுமதி வேண்டும். ஆனால் “பெரிய” என்பதன் அளவு பழைய சட்டத்தில் 100 தொழிலாளி, புதிய தொகுப்பில் 300. நடுவில் நிற்கும் நிறுவனங்களின் தொழிலாளர்கள் ஒரே நாளில் அந்தக் குடையை இழந்தார்கள். இது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

சம்பளத்துக்கு வெளியே இருக்கும் சலுகைகள் பெரும்பாலும் தப்பிக்கின்றன. போனஸ் கணக்கில் லே-ஆஃப் நாட்கள் வேலை நாட்களாகவே எண்ணப்படும். பணிக்கொடைக்கான தொடர் சேவையும் அறுந்துபோகாது. ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டின் பழைய சட்டம், லே-ஆஃப் காலத்துக்குக் கொடுக்கும் பணத்தையும் சம்பளம் என்றே கொண்டது.

தங்க வயலில் இந்தச் சலுகைகளின் கதை இன்னும் பெரியது. ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் வந்த நாளிலிருந்தே இது கம்பெனி ஊர். லைன் வீடு கம்பெனியுடையது, ஆஸ்பத்திரி கம்பெனியுடையது, தண்ணீரும் விளக்கும் கம்பெனி வழியாக வந்தவை. கூலி குறைவாக இருந்தாலும் இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் குடும்பங்கள் கணக்குப் போட்டன. 1992இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நலிவுற்றது என்று தொழில் புனரமைப்பு வாரியத்தின் முன் போனதும், 2000இல் வாரியம் மூடிவிடப் பரிந்துரைத்ததும், அடுத்த ஆண்டே கதவு சாத்தப்பட்டதும் சம்பளத்தை மட்டும் பறிக்கவில்லை. வீடு யாருடையது என்ற கேள்வியோடு முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே லைன் வீடுகளில் காத்திருந்தன. மூடும்போது கொடுக்கும் இழப்பீடு, சேவை செய்த ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற அடிப்படையில் கணக்கிடப்படுவது. வீட்டையும் மருந்தையும் அந்தப் பதினைந்து நாளுக்குள் எந்தக் கணக்குப்பிள்ளையாலும் அடைத்துவிட முடியாது.

இந்தப் பாதிக்கூலி யார் பையிலிருந்து வர வேண்டும் என்ற கேள்விக்கு நம் நாட்டில் ஒரே பதில்தான்: முதலாளி. ஜெர்மனியில் வேலை நேரம் குறைந்தால், இழந்த நிகரச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை, பிள்ளை உள்ளவருக்கு 67 விழுக்காட்டை, அரசின் வேலைவாய்ப்புக் காப்பீட்டு நிதி கொடுக்கிறது. கொரோனா காலத்தில் பிரிட்டன் அரசு மாதம் 2,500 பவுண்டு உச்சவரம்புக்குள் 80 விழுக்காடு வரை தன் கஜானாவிலிருந்து கொடுத்தது. இங்கே 2020 மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் முழுச் சம்பளம் கொடுக்கச் சொல்லி ஆணையிட்டது, பணம் எதுவும் ஒதுக்கவில்லை. மே மாதமே ஆணை விலகியது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளும்படி சொன்னது. சின்னப் பட்டறை முதலாளியும் அவரிடம் வேலை செய்பவரும் எதிரெதிரே உட்கார்ந்து எதைப் பேசித் தீர்ப்பது? லே-ஆஃபுக்கென்று முதலாளி, அரசு, தொழிலாளி மூவரும் பங்கு போடும் ஒரு நிதி இருந்தால்தான் அந்தப் பாதி உண்மையான பாதியாக இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஈ.எஸ்.ஐ.யின் அடல் திட்டம், வேலை இழந்த காப்பீட்டாளருக்கு 90 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் பாதியைத் தர வழி வைத்திருக்கிறது. அதை லே-ஆஃபுக்கும் நீட்டினால் நல்ல தொடக்கமாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது காண்ட்ராக்ட் தொழிலாளியின் நிலை. காலை ரயிலில் போகும் பலருடைய பெயர், அவர்கள் வேலை செய்யும் தொழிற்சாலையின் மஸ்டரில் இல்லை, ஆள் அனுப்பும் ஏஜென்சியின் பதிவேட்டில்தான் இருக்கிறது. வேலை இல்லாத நாளில் ஏஜென்சி “இடம் இல்லை” என்று சொல்லி முடித்துவிடும். இதே கோலார் மாவட்டத்தில், நரசாபுராவின் விஸ்ட்ரான் ஆலையில் 2020 டிசம்பர் 12 அன்று நடந்ததை நாடே பார்த்தது. சம்பளம் சரியாக, நேரத்துக்கு வரவில்லை என்ற ஆத்திரம் உடைப்பில் முடிந்தது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஏஜென்சிகள் வழியாக வந்தவர்கள். அமெரிக்காவிலும் இதே பிளவுதான். அரசு முடங்கும் நாட்களில் வீட்டுக்கு அனுப்பப்படும் கூட்டரசு ஊழியருக்கு நிலுவைச் சம்பளம் உண்டு என்று 2019இல் சட்டம் வந்தது, அதே கட்டடத்தைக் கூட்டும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்த உறுதி கிடைக்கவில்லை.

50 பேருக்குக் குறைந்த இடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தகவல். பாதிக்கூலி விதி உங்களுக்கு இல்லை என்பதால் முதலாளி உங்களைச் சும்மா அனுப்பிவிடலாம் என்று அர்த்தமில்லை. நியமன ஒப்பந்தமோ நிலையாணையோ சட்டமோ அனுமதிக்காவிட்டால் லே-ஆஃப் செய்யும் அதிகாரமே முதலாளிக்குக் கிடையாது என்று 1976இல் ஃபயர்ஸ்டோன் டயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படிப்பட்ட நிலையில் முழுச் சம்பளமே கேட்கலாம்.

“வராதே” என்று சொல்லப்படும் நாளில் அதை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் சொன்னவர் பெயர், தேதி, நேரம், உடனிருந்தவர் யார் என்று குறித்து வையுங்கள்; வாட்ஸ்அப் செய்தியாக வந்திருந்தால் அழிக்காதீர்கள். ஆஜரான நாளுக்கெல்லாம் அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டர் சம்பளம் கொடுக்காவிட்டால் அதைக் கொடுக்கும் பொறுப்பு, வேலை வாங்கும் பிரதான நிறுவனத்தின் மேல் விழும் என்பதால் இருவரையும் சேர்த்தே மனுவில் எழுதுங்கள். தனியார் தொழிற்சாலை என்றால் மனு மாநிலத் தொழிலாளர் துறைக்குப் போகும். சுரங்கம் என்றால் மத்திய அரசின் தொழிலாளர் ஆணையரிடம். வர வேண்டிய பணத்தை வசூலிக்க, அது வர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு கொடுப்பது நல்லது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதற்குப் பிறகும் ஏற்பார்கள்.