ஐம்பதில் ஒன்று

சென்ற தவணையிலே பத்தாம் வகுப்பு மாணவருக்குச் சடத்துவம் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். ஓடுகின்ற பேருந்து திடீரென நிற்கும்போது நிற்பவர் முன்னே சாய்வது ஏன், சுத்தியலின் தலை தளர்ந்தால் பிடியின் அடியை நிலத்திற் குத்தி அதனை இறுக்குவது எவ்வாறு என்னும் வழக்கமான உதாரணங்களைச் சொல்லி முடித்ததும், பின்வரிசையிலிருந்து மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், அமெரிக்கர் ஒருவர் துவக்குத் தோட்டாவைச் சுத்தியலுக்குள் வைத்து நிலத்தில் அடிக்கிற படமொன்று பார்த்தேன். தோட்டா வெடிக்கவில்லை, சன்னம் மட்டும் கழன்று விழுந்தது. அதுவும் சடத்துவந்தானா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. கேள்வி நல்ல கேள்வியாகையால் நான் சிரிக்கவில்லை. ஆனால் அதனை அவன் எதற்காகக் கேட்டான் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

அது சடத்துவமே. எனினும் அந்தச் சுத்தியல் எதற்காக உண்டாயிற்று என்பதை அறிவதற்கு முதலில் தோட்டாவின் அமைப்பை அறிதல் வேண்டும். தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு. வெளியே இருப்பது பித்தளைக் கோது. நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு நாகமும் கலந்த உலோகம் அது. கோதின் வாயில் இறுகப் பொருத்தப்பட்டிருப்பது சன்னம். உள்ளே இருப்பது மருந்து. கோதின் அடியில், சிறுவரின் விளையாட்டுத் துவக்கில் வெடிக்கும் கேப்பை ஒத்த ஒரு சிறு உலோகக் கிண்ணம் பதிக்கப்பட்டிருக்கும். அதனை நாமும் கேப்பு என்றே வழங்குவோம். துவக்கின் ஊசி கேப்பைக் குத்த, அதிலிருந்து பிறக்கும் தீ மருந்தைப் பற்றவைக்கிறது. சுட்டு முடிந்த பின்னர் சன்னமும் மருந்தும் போய்விடும், கேப்பு செத்துவிடும். விலை கூடிய உறுப்பாகிய பித்தளைக் கோது மட்டும் பெரும்பாலும் பழுதின்றி எஞ்சியிருக்கும்.

இக்கோதை வீசிவிட மனமில்லாத வேட்டைக்காரரும் குறிபார்த்துச் சுடுவோரும் அமெரிக்காவிலே அதனைத் திரும்ப நிரப்பும் வழக்கத்தை மேற்கொண்டனர். 1880 களில் அந்நாட்டுப் படைமுகாம்களிலும் பயிற்சிக்காக இவ்வாறு செய்யப்பட்டது. 1884 ஆம் ஆண்டளவில் ஜோன் பார்லோ என்பவர் குறடு போன்ற கைக்கருவி ஒன்றை ஆக்கி விற்கத் தொடங்கினார். இன்றைக்கும் அங்கே வீட்டின் பின்னறையில் மேசையொன்றில் சிறு அழுத்துபொறியைப் பூட்டி, மாலை வேளைகளில் தமக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாமே ஆக்கிக்கொள்வோர் பலர். இதில் வேடிக்கை ஒன்றுண்டு. இவர்கள் பயன்படுத்தும் கேப்பு பொக்ஸர் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரியின் ஆக்கம். பேர்டன் என்னும் அமெரிக்கர் ஆக்கிய கேப்போ ஐரோப்பாவிற் பரவியது. பொக்ஸரின் முறையிலே கோதின் அடியில் நடுத்துளை ஒன்றே உண்டு. ஊசியொன்றை உள்ளே விட்டுத் தள்ளினாற் பழைய கேப்பு விழுந்துவிடும். பேர்டனின் முறையில் அது எளிதன்று. சொந்த நாட்டவரின் கேப்பை விட்டு அயல்நாட்டவரின் கேப்பை அமெரிக்கர் பற்றிக்கொண்டமைக்கு இவ்வசதியும் துணைபோயிற்று.

கையாற் செய்யும் எத்தொழிலிலும் பிழை நேரும். சோற்றுக்கு உப்பிட்டோமா இல்லையா என்று அடுப்படியில் நிற்பவருக்கு ஐயம் வருவதில்லையா? ருசி பார்த்து அறிந்துகொள்ளலாம். தோட்டாவை ருசி பார்க்க இயலாது. கைத்துப்பாக்கிக்குரிய நாற்பத்தைந்தாம் இலக்கத் தோட்டா ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் சன்னம் 230 கிறெயின் நிறை. ஓர் இறாத்தலுக்கு 7,000 கிறெயின். நம் பொற்கொல்லரின் குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிறெயின். விரைந்தெரியும் மருந்தாயின் அத்தோட்டாவுக்கு வேண்டியது ஐந்து கிறெயின் அளவே, அதாவது இரண்டரைக் குன்றிமணி. கோதின் கொள்ளளவோ அதனினும் பெரிது. ஆகவே மருந்து இருமுறை விழுந்தாலும் கோது நிரம்பி வழிந்து காட்டிக்கொடுக்காது. இத்தோட்டாவில் எழத்தக்க உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 21,000 இறாத்தல் என்று வரையறுத்துள்ளனர். மோட்டார் வண்டிச் சக்கரத்தின் காற்றமுக்கம் முப்பது இறாத்தலைச் சற்றே கடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். மருந்து இரட்டித்தால் அமுக்கம் இரட்டிப்பதோடு நில்லாது அதற்கும் மேலே பாயும். துப்பாக்கி சுடுபவரின் கையிலேயே சிதறக்கூடும்.

மருந்து இல்லாமற் போவதும் கேடே. கேப்பின் வேகம் மட்டும் சன்னத்தைக் குழாயினுட் சிறிது தூரம் தள்ளி அங்கே சிக்கவைத்துவிடும். சத்தம் குறைந்ததைக் கவனியாதவர் அடுத்ததையும் சுட்டால், அடைத்த குழாயிலே இரண்டாஞ் சன்னம் வந்து முட்டும். குழாய் வீங்கும்; சில வேளை வெடிக்கும்.

இனி, ஒருவர் ஐம்பது தோட்டாக்களை நிரப்பி முடித்து எழும்போது, இடையிலே தொலைபேசி மணி அடித்தமையோ பிள்ளை அழைத்தமையோ நினைவுக்கு வருகிறது என்று கொள்வோம். எங்கோ ஒன்றில் மருந்து தவறியிருக்கலாம். எது அது? தராசில் நிறுத்துப் பார்க்கலாமே என்று என் மாணவர் கேட்டனர். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் ஒரே பெட்டியிலுள்ள கோதுகள் தம்முள்ளே சில கிறெயின் வேறுபடும். சன்னங்களும் சிறிதளவு வேறுபடும். தேடும் பொருளோ ஐந்து கிறெயின். வேறுபாட்டினுள்ளே பிழை ஒளிந்துகொள்ளும். குலுக்கிக் கேட்பதும் நம்பத்தக்கதன்று. ஆகவே அத்தொழிலை முறையாகப் பழகியவர்கள் ஒன்றில் ஐயம் எழுந்தால் ஐம்பதையும் பிரிப்பர். இரு மாலைப் பொழுதின் உழைப்பு வீண். என்னைக் கேட்டால், இவ்வேலையிலே கருவியைக் காட்டிலும் இந்த மனமே பெரிது என்பேன். தன் கையெழுத்தைத் தானே அழிப்பது நம்மிற் பலருக்கு இயலாத காரியம். விடைத்தாள் திருத்துபவர்க்கு அது நன்கு தெரியும்.

இந்த இடத்திலேதான் அச்சுத்தியல் வருகிறது. அதன் தலை கனத்த பிளாஸ்ரிக்கால் ஆனது, உள்ளே பொள்ளல். தோட்டாவின் அடிவிளிம்பை ஒரு பற்றி கவ்விக்கொள்ள, சன்னம் சுத்தியலின் அடிக்கும் முகத்தை நோக்கியிருக்கும்படி அதனை உள்ளே மாட்டி மூடுவர். பின்னர் உறுதியான கட்டையிலே ஓங்கி அடிப்பர். சுத்தியலும் அது பற்றியிருக்கும் கோதும் நின்றுவிடுகின்றன. சன்னம் தன் இயக்கத்தை விடாது முன்னே செல்ல முயல்கிறது. பேருந்து நின்றபின் முன்னே சாயும் பிரயாணியின் நிலையே அது. ஓரிரு அடியிற் சன்னமும் மருந்தும் உள்ளே உதிர்ந்துவிடும். கேப்பை எதுவும் குத்துவதில்லை. அதனாலேதான் வழக்கமாக வெடிப்பதில்லை. வழக்கமாக என்ற சொல்லை வாசகர் கவனிக்கவேண்டும். கண்ணாடி அணியாது இதனைச் செய்யும் மூடர் இல்லை. அருகே நெருப்பு இருத்தல் ஆகாது. ஒரு தோட்டாவின் மருந்தை அகற்றிய பின்னரே அடுத்ததைத் தொடுவர். கேப்பின் இரசாயனம் அடிவிளிம்பினுள்ளேயே பூசப்பட்டிருக்கும் இருபத்திரண்டாம் இலக்கச் சிறு தோட்டாவை இவ்வகைச் சுத்தியலில் வைத்தலே கூடாது. வெடிசன்னம், தீச்சன்னம், ஒளிச்சன்னம் ஆகியனவும் அவ்வாறே விலக்கு. பல தோட்டாக்களைப் பிரிக்க வேண்டியிருந்தால், அழுத்துபொறியிற் பூட்டிச் சன்னத்தைக் கவ்வி இழுக்கும் வேறொரு கருவியும் உண்டு. அது அமைதியானது, ஆனால் மென்மையான ஈயச் சன்னத்திற் பற்குறி பதித்துவிடும்.

மீட்ட உறுப்புகளுள் கோது மறுபடியும் பயன்படும். வாய் தளர்ந்திருப்பின் அதனைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். சன்னமும் பயன்படும், வடுப்பட்டதைப் பயிற்சிக்கென ஒதுக்குவர். கேப்பு உயிருடன் இருப்பதால் அதனைத் தள்ளி வெளியேற்றுவதே பிரிக்கும் வேலையுள் இடர் கூடிய பகுதி. எனவே பலர் அதனைக் கோதில் இருந்தவாறே விட்டு, பொறியின் ஊசியைக் கழற்றிவிட்டுக் கோதை மட்டும் சீராக்கி மீண்டும் நிரப்புவர். கேப்பு சரியாக அமராது மேடாக நிற்கும் தோட்டாவை, மருந்து உள்ளே இருக்க அழுத்திச் சரிசெய்ய முனைவது பெரும் பிழை.

மருந்தின் செய்தி வேறு. அன்று மாலை தன் கையாலே ஊற்றிய மருந்து, இன்ன பெட்டியிலிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரிந்த மருந்து, தூசும் உலோகத்துணுக்கும் கலவாத மருந்து ஆயின் அப்பெட்டிக்கே திருப்பலாம். அணுவளவு ஐயம் இருப்பினும் அதனை மறுபடி பயன்படுத்துவதில்லை. கறுப்பும் சாம்பலும் கலந்த அம்மணிகள் ஒரே மாதிரித் தோன்றும். ஒன்று விரைந்தெரியும், ஒன்று மெல்ல எரியும், கண் வேறுபாடு காணாது. பிறர் நிரப்பிய தோட்டாவின் மருந்தையும் இதே காரணத்தால் ஏற்பதில்லை. அத்தகைய மருந்தைச் சிலர் புற்றரையிலே மெல்லிதாகத் தூவிவிடுவர். அதில் நைதரசன் உண்டன்றோ.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கன்சாஸ் மாநிலத்துப் புரூஸ் ஹொட்ஜ்டன் என்பவர் அரசாங்கத்தின் மிகுதி மருந்தை மொத்தமாக வாங்கி, வீட்டிலே தோட்டா நிரப்புவோருக்கு மலிவாக விற்றார். 20 மில்லிமீற்றர் பீரங்கித் தோட்டாக்களைப் பிரித்தெடுத்த மருந்தும் அவற்றுள் ஒன்று. அப்படியாயின் பிறர் நிரப்பிய மருந்து பயன்பட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது இன்ன வகை, இன்ன ஆக்கம் என்று பெயரும் இலக்கமும் பெற்றுப் பெருந்தொகையாக வந்த மருந்து. அதன் எரியும் இயல்பைச் சோதித்து அளவு குறிக்க இயலும். ஒரு கைப்பிடியளவு பெயரற்ற மருந்தைச் சோதிப்பவர் யார்?

இவையெல்லாவற்றையும் இரண்டு பாடவேளைகளில் வகுப்புக்குச் சொன்னேன். அவை முடிந்ததும் அந்த மாணவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். அவன் குடும்பம் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து பின்னர் சொந்தக் காணிக்குத் திரும்பியது. கிணற்றடிக்கு அப்பால் வேலி போட மண் வெட்டியபோது துருவேறிய பெட்டியொன்று அகப்பட்டதாம்; உள்ளே தோட்டாக்கள். பித்தளைக்கு நல்ல விலை. படத்திற் கண்டவாறு ஒரு சுத்தியல் செய்தால் அண்ணனும் தானும் பிரித்து விற்கலாம் என்று எண்ணியே அன்று கேள்வி கேட்டிருக்கிறான்.

அமெரிக்கர் பிரிப்பது தாம் நிரப்பியதை என்று அவனுக்குச் சொன்னேன். உள்ளே உள்ள மருந்தின் பெயர், நிறை, நாள் எல்லாம் அவர்களுடைய கொப்பியில் எழுதியிருக்கும். உன் வளவில் இருப்பதை நிரப்பியவன் யார்? மண்ணுள் எத்தனை மழை கண்டது? சன்னத்தின் முனை எத்தகையது? பெட்டியின் கீழே இன்னும் என்ன இருக்கிறது? அவன் விடை சொல்லவில்லை. 2017 இல் இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. 2028 யூன் மாதத்துக்குள் நிலங்களைத் துப்புரவு செய்து முடிக்கவேண்டும் என்பது அதன்படி வந்த தவணை. அவ்வேலையைப் பயின்றவர்கள் வடக்கிலே உண்டு என்பதையும், தொடாமல், மண்ணையும் கிண்டாமல், கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவித்தாற் போதும் என்பதையும் கூறி, அன்று மாலையே அவன் தகப்பனாரோடு பேசினேன்.

மறுகிழமை திங்கட்கிழமை அவன் வந்தான். ஆட்கள் வந்து கயிறு கட்டி, வீட்டாரைத் தள்ளி நிற்கச் சொல்லி, அரை நாள் வேலை செய்து எடுத்துப் போனார்களாம். எத்தனை இருந்தன என்று கேட்டேன்.

"தோட்டா நாற்பதுக்கு மேலே சேர். பெட்டிக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. அது என்னவென்று எங்களுக்குச் சொல்லவில்லை. அதை மட்டும் தனி வாகனத்தில் கொண்டு போனார்கள்."