ஆர்தர் ஸ்காஃப், 62ஆம் ஸ்குவாட்ரன்
தைப்பிங் போர்க் கல்லறை, பேராக்

1941 டிசம்பர் 9. பட்டர்வொர்த் விமானத்தளத்தில் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் தாய்லாந்தின் சிங்கோராவைத் தாக்கப் புறப்பட இருந்தன. ஸ்குவாட்ரன் லீடர் ஸ்காஃப் மேலெழும்பிய வேளையிலேயே ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. தரையில் நின்றவற்றில் ஒன்றாலும் கிளம்ப முடியவில்லை. அவர் திரும்பியிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். தம் ஒரே விமானத்துடன் எல்லை கடந்து சென்று குண்டு வீசினார். இடது கை சிதைந்து, முதுகிலும் குண்டு பாய்ந்த நிலையில், உடனிருந்தவர்கள் தாங்கிப்பிடிக்க அலோர்ஸ்டாரில் விமானத்தை இறக்கினார். அவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை. அங்கு தாதியாக இருந்த மனைவி தம் இரத்தம் கொடுத்தும் ஸ்காஃப் பிழைக்கவில்லை. வயது 28. விக்டோரியா கிராஸ் விருது 1946இல்தான் அறிவிக்கப்பட்டது.

சாலையின் மறுபுறம் இந்திய, கூர்க்கா வீரர்கள் துயில்கிறார்கள். அங்கும் அவசியம் சென்று பாருங்கள்.