ஒரு கட்டடமும் மூன்று சமயங்களும்

இலண்டன் மாநகரின் பிரிக் லேன் தெருவில் 1743-ஆம் ஆண்டில் எழுந்த கட்டடம் ஒன்று உண்டு. பிரான்சு நாட்டில் சமயக் கொடுமைக்கு ஆளாகித் தப்பி வந்த ஹியூகனோ மரபினர் அதனைத் தேவாலயமாகக் கட்டினர். 1898-இல் அது யூதர்தம் தொழுகைக்கூடமாயிற்று. 1976-இல் வங்காளி முஸ்லிம்களின் பள்ளிவாசலாயிற்று.

இவ்வங்காளிகளுள் பெரும்பாலோர் சில்ஹெட் பகுதியினர். அவர்தம் முன்னோடிகள் பிரிட்டிஷ் கப்பல்களின் கொதிகலன்களுக்கு நிலக்கரி வாரியிட்டனர். பின்வந்தோர் பலர் தையற்கூடங்களில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பினர்.

1978 மே 4 அன்று, அல்தாப் அலி என்னும் இளந்தொழிலாளி வேலை முடிந்து திரும்புகையில் இனவெறியரால் கொல்லப்பட்டார். பத்து நாட்களில் ஆயிரக்கணக்கானோர் அவரது சவப்பெட்டியின் பின்னே பிரதமர் இல்லம் நோக்கி அணிவகுத்தனர்.

வரலாறு பயிற்றிய ஆசிரியன் நான், ஒன்று கூறுவேன். தொழும் முறை மாறினும், அச்சமின்றி உழைத்து வாழும் இடத்தையே மூவரும் நாடினர்.