நடுத்தர விலை ஸ்மார்ட்போன் வாங்கத் தகுந்ததா?

கரும்புப் பணமும் நெசவுக் கூலியும் கையில் எண்ணிக் கொடுக்கப்பட்ட காலம் போய், அவை வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும் காலம் வந்துவிட்டது. வரவு வந்த செய்தியைச் சொல்வது கைப்பேசி. மானியத்துக்கு மனுச் செய்தாலும், ஆதாரைச் சரிபார்த்தாலும், ஒருமுறைக் கடவு எண் வந்து சேருவது கைப்பேசியில்தான். ஆகவே கைப்பேசி வேண்டுமா என்ற விவாதம் நம் அங்கத்தினரிடையே முடிந்துவிட்டது. 15,000 முதல் 25,000 ரூபாய் வரை விலை சொல்லப்படும் நடுத்தர ரக ஸ்மார்ட்போன் அப்பணத்துக்கு ஈடாகுமா என்பதே இன்றைய கேள்வி. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குக் கரும்பு வெட்டும் குடும்பத்துக்காயினும், கல்வராயன் மலைமேல் மரவள்ளியும் சாமையும் விளைவிக்கும் குடும்பத்துக்காயினும், தறியை நம்பியிருக்கும் குடும்பத்துக்காயினும், 20,000 ரூபாய் அற்பத் தொகை அன்று. மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்; சுழியைப் பார்க்கிறார்; நான்கு அடி நடக்கவிட்டும் பார்க்கிறார். கைப்பேசிக் கடையில் மட்டும் விளம்பரத் தாளைப் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டிவிடுகிறோம்.

முதற்கண், உமக்கு ஸ்மார்ட்போன்தான் வேண்டுமா என்று ஆலோசித்துக் கொள்வது நலம். பேசுவதும், வங்கிச் செய்தி பெறுவதும், எப்போதாவது பணம் அனுப்புவதுமே தேவை என்றால், பொத்தான் கைப்பேசியே போதும். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் யு.பி.ஐ. 123பே என்னும் ஏற்பாட்டின்படி, இணையம் இல்லாத சாதாரணக் கைப்பேசியிலிருந்தும் பணம் செலுத்த இயலும். 2004இல் தொடங்கப்பட்ட உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் எந்தக் கைப்பேசியிலிருந்தும் கட்டணமின்றி அழைத்துப் பயிர் நோயைப் பற்றிக் கேட்கலாம். ஆனால் 2018இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட உழவன் செயலியில் சந்தை விலையையும் மானிய விவரங்களையும் பார்க்க விரும்புவோர்க்கும், மரவள்ளி இலையில் தேமல் கண்டவுடன் படமெடுத்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்ப விரும்புவோர்க்கும், நெய்த சேலையை வாங்குவோர்க்குப் படமாகக் காட்ட வேண்டிய நெசவாளர்க்கும் பொத்தான் கைப்பேசி உதவாது. இத்தகையோர்க்கே இக்கட்டுரை.

கடைக்காரர் முதலில் எடுத்துச் சொல்வது காமிராவின் மெகாபிக்ஸலும் ராம் நினைவகத்தின் அளவும் ஆகும். நாம் முதலில் கேட்க வேண்டியது வேறு. இந்தக் கருவிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எந்த ஆண்டு வரை வரும்? ஸ்மார்ட்போனின் இரும்பும் கண்ணாடியும் பத்தாண்டு தாங்கலாம். அதனுள் இயங்கும் மென்பொருளைச் செய்தவர்கள் கைவிட்டுவிட்டால், வங்கிச் செயலிகள் ஒவ்வொன்றாக அக்கருவியில் இயங்க மறுக்கும். திருடர்களுக்கும் வழி திறந்துவிடும். பணம் புழங்கும் கருவியில் இது சிறிய குறையன்று.

ஓர் உண்மையான உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சாம்சங் நிறுவனம் கேலக்ஸி ஏ16 5ஜி என்ற கைப்பேசியை நம் நாட்டில் வெளியிட்டது. 8 ஜிபி ராமும் 128 ஜிபி சேமிப்பும் உள்ள வகைக்கு அப்போது குறித்த விலை 18,999 ரூபாய். இதற்கு ஆறாண்டுக் காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு என்று அறிவித்தார்கள். அந்த விலையில் அவ்வளவு நீண்ட உறுதிமொழி அபூர்வம் என்றே சொல்ல வேண்டும். அதே விலையில் இதைவிட வேகமான கருவிகள் கிடைத்தன என்பதும் மெய். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இந்த ஆறாண்டு நீர் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதன்று. கைப்பேசி சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. ஆகவே அந்த ஏ16 கைப்பேசிக்கு 2030ஆம் ஆண்டின் பிற்பகுதியோடு தவணை முடிகிறது. 2027இல் யாரேனும் அதை மலிவாக விற்றால், வாங்குகிறவருக்கு ஏறக்குறைய மூன்றாண்டே மிச்சம். பண்டிகைக் காலத்தில் பழைய மாதிரிகள் விலை குறைவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

விலையை ஆண்டுக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் தெளிவு பிறக்கும். 12,000 ரூபாய்க்கு வாங்கிய கருவி இரண்டரை ஆண்டில் பயனற்றுப் போகுமானால் ஆண்டுக்கு 4,800 ரூபாய் செலவு. 18,000 ரூபாய்க்கு வாங்கி, நடுவில் 2,000 ரூபாய்க்கு மின்கலம் மாற்றி, ஐந்து ஆண்டு உபயோகித்தால் ஆண்டுக்கு 4,000 ரூபாய். இவை உதாரணக் கணக்கே. எனினும் மலிவு எது என்பதை விலைச்சீட்டு மட்டும் காட்டாது என்பது விளங்கும். 40,000 ரூபாய்க் கருவிக்கு இதே கணக்கைப் போட்டால், அது பத்தாண்டு உழைத்தாலன்றி ஈடு கட்டாது. நடுத்தர ரகத்துக்குச் சாதகமான வாதம் இதுவே.

மின்கலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது 5,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு சாதாரணமாகிவிட்டது. ஒரு நாள் உழைப்புக்கு அது போதும். நாளடைவில் எல்லா மின்கலமும் தேயும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025ஆம் ஆண்டு ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, 800 முறை முழுமையாக மின்னேற்றிய பின்னும் மின்கலம் தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டையாவது தக்கவைத்திருத்தல் வேண்டும். விற்பனை நின்ற பின்னரும் ஏழாண்டுக்கு உதிரிப் பாகம் கிடைக்கச் செய்தல் வேண்டும். அந்த விதி நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆயினும், ஒரே மாதிரி அங்கும் விற்கப்படுகிறது என்றால் அதன் மின்கலத்தைப் பற்றி ஓரளவு நம்பிக்கை கொள்ளலாம். கள்ளக்குறிச்சியிலோ, சேலத்திலோ, விழுப்புரத்திலோ அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பழுதுபார்க்கும் நிலையம் உண்டா என்று வாங்குமுன்பே விசாரித்துக் கொள்க. பழுதுபார்க்கச் சென்னைக்குப் போய்வரும் பஸ் செலவும் கைப்பேசியின் விலையில் சேர்ந்ததே.

மலைவாழ் அங்கத்தினர்க்கு இதைவிட முக்கியமான விஷயம் அலைவரிசை. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறுகிற பாதையில் வளைவுக்கு வளைவு கோபுரத்தின் தொடர்பு வருவதும் போவதும் பிரயாணிகள் அறிந்ததே. மலையும் காடும் மறைக்கும் இடத்தில் 25,000 ரூபாய்க் கருவியும் கோபுரத்தை உண்டாக்கிவிடாது. ஆகவே உம் வீட்டிலும் காட்டிலும் எந்த நிறுவனத்தின் தொடர்பு எட்டுகிறது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டறிந்து, அதற்கேற்ற கருவியைத் தேர்வதே முறை. குறைந்த அதிர்வெண் கொண்ட அலைகள் அதிக தூரம் செல்லும். சுவரையும் மரத்தையும் ஓரளவு ஊடுருவும். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்ட பி.எஸ்.என்.எல். 4ஜி சேவை 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் உபயோகிக்கிறது. கருவியின் விவரப் பட்டியலில் இதற்கு "பாண்ட் 28" என்று பெயர். அந்த எண் பட்டியலில் இல்லாத கைப்பேசியை மலையில் பி.எஸ்.என்.எல். உபயோகிப்பவர் வாங்கலாகாது. 5, 8 என்ற எண்களும் இத்தகைய குறைந்த அதிர்வெண்களே. 5ஜி என்ற எழுத்துக்காகவே கூடுதல் பணம் கொடுப்பதில் மலைமேல் இருப்போர்க்கு உடனடிப் பிரயோஜனம் குறைவு. தொடர்பு மெலிந்த இடத்தில் கைப்பேசி தன் சக்தியைக் கூட்டிக் கோபுரத்தைத் தேடுவதால் மின்கலம் விரைவில் வற்றும் என்பதையும் நினைவிற் கொள்க. தொடர்பே கிட்டாத காட்டில் வேலை செய்யும்போது விமான நிலைக்கு மாற்றி வைப்பது நன்று.

இனி நெசவாளர்க்கு வருவோம். காமிராவைப் பற்றிய விளம்பரங்களில் பெரும்பகுதி வெறும் எண் வேடிக்கை. 50 மெகாபிக்ஸல் என்று பெரிதாக எழுதி, அருகில் 2 மெகாபிக்ஸல் நெருக்கப்படக் காமிரா ஒன்றையும் சேர்த்து "மூன்று காமிரா" என்பார்கள். அந்த மூன்றாவது காமிரா நூலிழையைக் காட்டப் பெரும்பாலும் உதவாது. பிரதான காமிராவைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, படத்தை இரு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் இழை நன்றாகத் தெரியும். நெசவாளர்க்கு வேண்டியது நிறத்தின் நேர்மை. அரக்குச் சேலை படத்தில் சிவப்பாகத் தெரிந்தால், வாங்கியவர் அதைத் திருப்பி அனுப்புவார். போக்குவரத்துச் செலவும் சங்கத்தின் பெயரும் ஒருங்கே நஷ்டமாகும்.

இதைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து ஆகிய நிறங்களில் ஒவ்வொரு துண்டும், சிறிது ஜரிகையும் கையோடு கொண்டு செல்க. கடையின் மின்விளக்கு நிறத்தை ஏமாற்றும். ஆதலால் வாசலுக்கு வந்து, நிழலில், வெள்ளைத் தாளின் மேல் துணியை விரித்துப் படமெடுக்க வேண்டும். பின்பு துணியையும் திரையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புலப்படும். வெள்ளைத் தாள் படத்தில் மஞ்சளித்தோ நீலம் பாய்ந்தோ தெரிந்தால் அந்தக் கருவி நிறத்தைக் குழப்புகிறது என்று அறிக. ஜரிகை வெளுத்து வெறும் வெண்மையாகிவிட்டால், ஒளியைக் குறைத்து மறுமுறை எடுத்துப் பார்க்கலாம். அப்போதும் திருந்தாவிடில் வேறு கருவியைப் பார்க்கவும். அமோலெட் என்னும் திரைகள் அழகானவை. ஆனால் கடையிலிருந்து வரும்போது பலவும் நிறத்தை மிகைப்படுத்தும் நிலையிலேயே இருக்கும். அமைப்புகளில் "இயற்கை" நிலைக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுக. வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்படும். உயர்தரத்தில் அனுப்பும் வழியைத் தேர்ந்தெடுத்தால் இழையின் நயம் கெடாது. தறி அறையில் பஞ்சுத் தூசி கண்ணாடியில் படிந்து படம் மங்குவதைக் காமிராவின் குற்றமாக எண்ணிவிடவும் கூடாது!

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராம் 6 ஜிபியாவது இருக்கட்டும். "கூடுதல் மெய்நிகர் ராம்" என்பது சேமிப்பிடத்தைக் கடன் வாங்குவதே, மெய்யான ராம் ஆகாது. சேமிப்பு 128 ஜிபிக்குக் குறையலாகாது. வயலில் வெயிலின் கீழ்த் திரை தெரிகிறதா என்பதைக் கடைக்கு வெளியே வந்து பார்க்காமல் முடிவு செய்ய இயலாது. ஐ.பி. என்ற குறியீட்டில் முதல் எண் தூசியையும் இரண்டாம் எண் நீரையும் குறிக்கும். மேற்சொன்ன ஏ16 கைப்பேசியின் தரம் ஐ.பி. 54; அதாவது தூசி ஓரளவு தடுக்கப்படும், மழைத் துளியைத் தாங்கும், வாய்க்காலில் விழுந்தால் தாங்காது. ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். எந்த எண்ணாயினும், நீர் புகுந்த பழுதுக்கு உத்தரவாதம் பொதுவாகச் செல்லாது. பெட்டிக்குள் மின்னேற்றி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பல நிறுவனங்கள் அதை நிறுத்திவிட்டன. ஏ16 பெட்டியிலும் அது இல்லை.

பணம் கொடுக்கும் விதத்தில்தான் நம்மவர் பெரிதும் ஏமாறுகின்றனர். "வட்டியில்லாத் தவணை" என்று எழுதியிருக்கும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ஒரு கணக்கைப் பாருங்கள். ரொக்கத்துக்கு 18,000 ரூபாய்க்குத் தரும் கருவியைத் தவணையில் 20,000 ரூபாய் என்று வைத்து, மாதம் 1,667 ரூபாயாகப் பன்னிரண்டு மாதம் வசூலிக்கிறார்கள் என்போம். தொடக்கத்தில் 500 ரூபாய் கட்டணமும் உண்டு. அப்படியானால் நீர் உண்மையில் பெற்ற கடன் 17,500 ரூபாய். மாதந்தோறும் அசலும் குறைந்து வருகிறது. கணக்கிட்டால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய்க்கு மேல் வட்டி விழுகிறது. இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கக் கூசுகிறவரே இந்தத் தாளில் சிரித்துக்கொண்டே கையெழுத்திடுகிறார். தவணை தவறினாலோ, அது கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் ஏறி, பின்னாளில் வேறு கடன் கேட்கும்போது குறுக்கே நிற்கும்.

சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனை இதற்குத் திருப்பிவிடும் வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க் கடனைக் கெடுவுக்குள் செலுத்துவோர்க்கு வட்டி இல்லை. உரத்துக்கென்று வாங்கிய பணம் கைப்பேசியாகிவிட்டால் விளைச்சல் குறையும், கெடு தவறும், வட்டிச் சலுகையும் கைநழுவும். அறுவடைப் பணத்திலோ, சங்கச் சிறுசேமிப்பிலோ சேர்த்து ரொக்கத்துக்கு வாங்குவதே சிக்கனம். அதுவரை பழைய கருவிக்கு மின்கலம் மாற்றி ஓராண்டு ஓட்ட முடியுமானால், அதுவும் ஆதாயமே.

ரசீது கேட்டு வாங்குவது அவசியம். கைப்பேசிக்கு 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு. 18,999 ரூபாயில் ஏறத்தாழ 2,900 ரூபாய் வரிதான். ரசீது இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடையில் வாங்கினால், உத்தரவாதம் கேட்க ஆதாரம் இராது. *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் ரசீதிலும் பெட்டியிலும் ஒன்றாயிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். கருவி திருடு போனால், 2023ஆம் ஆண்டு மே மாதம் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அவ்வெண்ணைக் கொடுத்து அதை முடக்கலாம். பழைய கைப்பேசி வாங்குவோர் அது திருட்டுப் பொருளா என்று அங்கேயே சோதிக்கவும் கூடும்.

உம்முடைய பழைய கருவியை விற்பதானால், முதலில் படங்களையும் எண்களையும் புதியதற்கு மாற்றி, வங்கிச் செயலிகளிலிருந்து வெளியேறி, கூகுள் கணக்கை நீக்கி, அதன் பின்பே முழுவதையும் அழித்துவிட வேண்டும். கணக்கை நீக்காமல் அழித்தால், வாங்கியவரிடம் கருவி பூட்டிக் கொள்ளும். அவர் உம் வீட்டு வாசலுக்கே திரும்ப வருவார். சிம் அட்டையை மட்டும் மறந்தும் உடன் கொடுத்துவிடாதீர். சங்கக் கணக்கிலும் வங்கிக் கணக்கிலும் பதிவாகியிருப்பது அந்த எண்ணே.