பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம்!

சர்க்கரை நோயா? பஞ்சணையில் சாய்ந்து பாலும் பழமும் உண்ணும் சீமான்களுக்கல்லவா அது வரும், பாட்டாளிக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இப்படிக் கேட்டுச் சிரித்த காலம் மலையேறிவிட்டது, தோழர்களே!

2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு என்றது. 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வோ, 10 முதல் 19 வயது வரையுள்ள இந்தியப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் இந்நோயின் வாயிற்படியில் நிற்பதாகக் கூறிற்று. தந்தையைத் தொட்டது தனயனையும் தேடி வருகிறது!

காரணம் என்ன? உண்ணும் சோறும் இட்லியும் சர்க்கரையாகிக் குருதியில் கலக்கின்றன. அதை வாங்கிச் செலவிடும் பெரிய ஆலை நம் தசை. ஆலையைப் பூட்டிவிட்டுச் சரக்கை மட்டும் இறக்கிக்கொண்டே இருந்தால்? தேங்கும்! கணையம் இன்சுலினைக் கூட்டிக் கூட்டிச் சுரக்கும். ஆண்டுகள் சென்றால் அதுவும் களைத்துவிடும்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வளரும் நம் பிள்ளைகளின் நாளைப் பாருங்கள். பகலெல்லாம் பெஞ்சு, மாலையில் டியூஷன், இரவில் கைப்பேசி. இடையே பரோட்டா, ஒரு பாட்டில் குளிர்பானம். 250 மில்லியில் ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை!

"சோம்பேறிப் பிள்ளை" என்று ஏசுவோர் உளர். நாம் கேட்கிறோம்: ஓடியாட இடம் எங்கே? விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்துக்குத் தாரைவார்த்தது பிள்ளையா? தாயும் தந்தையும் ஷிப்டு முடிந்து திரும்புமுன் பசித்த பையன் கடையை நாடினால், குற்றம் அவனுடையதா?

வீட்டில் நாம் செய்யக்கூடியது உண்டு. சோற்றைச் சற்றுக் குறைத்துப் பயறும் கீரையும் காயும் கூட்டுவோம். குளிர்பானத்துக்குப் பதில் மோர் கொடுப்போம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்வோம். அந்தச் சில நிமிட நடையே குருதிச் சர்க்கரையைத் தணிக்கும்.

ஆனால் வீடு மட்டும் போதாது. பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கலாகாதென 2020-இலேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. விதி ஏட்டில் உறங்கினால் பயன் என்ன? 5 முதல் 17 வயது வரை நாள்தோறும் 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் வேண்டுமென்கிறது உலக சுகாதார நிறுவனம். கிளைத் தோழர்களே, பெற்றோர் கூட்டங்களுக்குச் செல்லுங்கள். விளையாட்டு வேளையையும் மைதானத்தையும் கேளுங்கள்!

1923-இல் சென்னையில் சிங்காரவேலர் மே நாள் கொடி ஏற்றினார். எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய வர்க்கம் நாம். நம் பிள்ளைகளின் ஒரு மணி நேர ஆட்டத்துக்காகக் குரல் கொடுக்கத் தயங்கலாமா?